ஒரு நிமிடம் பொறுத்திருந்தால்...



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் கதை, மெஸ் கதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம் தொழிலின் முன்னோர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹோரேஸ் வெல்ஸ் என்ற பெயரைப் பரீட்சைக்காக ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

வெல்ஸ் பிறந்தது 1815 ஜனவரி 21, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். அப்போது பல் மருத்துவக் கல்லூரி என்று ஒன்று எங்குமே கிடையாது. பாஸ்டனில் தொழில் பழகி, 1836ல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் கிளினிக் தொடங்கினார். 23 வயதில் பற்களைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். நல்ல கைராசிக்காரர். ஆனால் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பல் பிடுங்கும்போது நோயாளி துடிக்கிற துடிப்பை அவரால் பார்க்க முடியவில்லை. மரப்பு ஊசி இல்லாத காலம் அது. நாற்காலியில் உட்காருபவருக்கு மட்டுமா பயம்? பக்கத்தில் நிற்கிறவருக்கும்தான்.

1844 டிசம்பர் 10. ஊர் ஊராகப் போய்ச் சிரிப்பூட்டும் வாயுவை வைத்து வேடிக்கை காட்டும் கோல்ட்டன் என்பவர் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தார். வெல்ஸும் மனைவியோடு போனார். வாயுவை இழுத்த சாமுவேல் கூலி என்ற இளைஞர் மேடையில் தாறுமாறாக ஓடி, காலில் நன்றாக அடிபட்டுக்கொண்டார். ரத்தம் வழிகிறது, அவருக்கோ வலியே தெரியவில்லை! சபையில் எல்லோரும் சிரித்தார்கள். வெல்ஸ் ஒருவர்தான் யோசித்தார்.

மறுநாளே கோல்ட்டனைக் கிளினிக்குக்கு வரவழைத்தார். யார் மேல் சோதிப்பது? வேறு யாரையும் தேடவில்லை, தானே நாற்காலியில் உட்கார்ந்தார். கோல்ட்டன் வாயு கொடுக்க, சக பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். (ஈறு நோய்க்கு ஒரு காலத்தில் ரிக்ஸ் நோய் என்று பெயர் இருந்ததே, அதே ரிக்ஸ்தான்.) வெல்ஸுக்கு வலிக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இப்படிப் பல் எடுத்தார். பேடன்ட் வாங்கவில்லை. கேட்ட மற்ற டாக்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

1845 ஜனவரியில் பாஸ்டன் போனார். பெரிய சர்ஜன் ஜான் காலின்ஸ் வாரனின் மாணவர்கள் முன்னால் செய்துகாட்ட வாய்ப்புக் கிடைத்தது. அங்கேதான் சறுக்கல். வாயுப் பையைச் சீக்கிரமே எடுத்துவிட்டார். பல்லைப் பிடுங்கும்போது நோயாளி கத்திவிட்டார். அவ்வளவுதான், கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கேலி செய்து விரட்டாத குறையாக அனுப்பினார்கள். அவ்வளவாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளியே பிறகு சொன்னார். யார் காதில் விழும்?

வெல்ஸ் மனம் ஒடிந்து போனார். கிளினிக்கை விட்டார், திரும்பினார், மறுபடி விட்டார். கேனரிப் பறவை வளர்த்து விற்றுக்கூடப் பார்த்தார். 1846 அக்டோபர் 16 அன்று, அவரிடம் தொழில் பழகி, பிறகு கூட்டாளியாகவும் இருந்த வில்லியம் மார்ட்டன், அதே பாஸ்டனில், அதே வாரன் முன்னிலையில் ஈதர் கொடுத்து வெற்றி பெற்றார். உலகமே மார்ட்டனைக் கொண்டாடியது. முதலில் கண்டது நான்தான் என்று வெல்ஸ் பாரிஸ் வரை போய் வாதாடினார்.

1848 தொடக்கத்தில் நியூயார்க்கில் தனியாக இருந்தபோது, புதிதாக வந்திருந்த குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்து, அதற்கு அடிமையானார். புத்தி தடுமாறிய நிலையில் தெருவில் பெண்கள் மீது அமிலம் வீசிக் கைதானார். அதை நியாயப்படுத்த முடியாது. தெளிந்தபோது அவராலேயே அதைத் தாங்க முடியவில்லை. ஜனவரி 24 அன்று சிறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 33. பாரிஸ் மருத்துவச் சங்கம் அவரை அங்கீகரித்த செய்தி, அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது.

1863ல் அதே கோல்ட்டன் அந்த வாயுவைப் பல் வைத்தியத்தில் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1864ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெல்ஸுக்குரிய பெருமையை ஒப்புக்கொண்டது. 1875ல் ஹார்ட்ஃபோர்டு பூங்காவில் சிலையும் வைத்தார்கள். பயப்படுகிற குழந்தைகளுக்கு இன்றும் அந்த வாயுதான், ஆக்சிஜனோடு கலந்து, மயக்கம் வராமல் பயம் மட்டும் தணிகிற அளவில். வெல்ஸ் இறந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1948ல், நம் கையிலிருக்கும் லிக்னோகெய்ன் விற்பனைக்கு வந்தது.

தம்பி தங்கைகளே, மருந்து மாறினாலும் அவசரம் மாறவில்லை. கீழ்த்தாடைக்கு ப்ளாக் போட்டதுமே ஃபோர்செப்ஸைத் தூக்காதீர்கள். சில நிமிடம் பொறுங்கள். உதடு மரத்ததா என்று கேளுங்கள், ஈறைத் தொட்டும் பாருங்கள். அந்த நேரத்தில் நோயாளியிடம் பேசுங்கள். அழுத்தம் தெரியும், வலி தெரியாது, வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கை தூக்கினால் உடனே நிறுத்துங்கள். தெரியாத அழுத்தத்தைக்கூட வலியென்று நினைத்துக் கத்துவது பயந்த மனசின் இயல்பு. சொல்லி வைத்தால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

வெல்ஸ் நமக்கு விட்டுப்போன பாடம் இரண்டு. அடுத்தவரை உட்காரச் சொல்லும் முன் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரே, அது ஒன்று. பாஸ்டனில் அவர் பொறுக்காமல் விட்ட அந்த ஒரு நிமிடம், அது இன்னொன்று. அந்த நிமிடத்தை நம் நோயாளிகளுக்கு நாம் கொடுப்போம்.