ராசாவைத் திருத்திய தாய்



இந்த மலருக்கு ஒருவருடைய சரித்திரம் எழுதித் தரச்சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். பெரிய தலைவர்களைப் பற்றி எழுதக் கனபேர் இருக்கினம். வேதாகமத்தில் வரும் தாவீது ராசாவையும் எல்லாருக்கும் தெரியும். அவரைத் திருத்திய ஒரு தாயைத்தான் பலருக்குத் தெரியாது. அவள் பெயர் ரிஸ்பாள்.

நான் சைவப் பிள்ளை. எனக்கு இந்தக் கதையைச் சொன்னது பக்டரியில் என்னோடு இரவு வேலை செய்யும் ஒரு கிறிஸ்தவ அக்கா. பிறகு நானே சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 3ஆம் அதிகாரத்திலும் 21ஆம் அதிகாரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குது. அவளைப் பற்றி எழுதியிருப்பது அவ்வளவுதான்.

ரிஸ்பாள் இஸ்ரவேலரின் முதல் ராசாவான சவுலின் மறுமனையாட்டி. அதாவது பட்டத்து ராணி இல்லை. அர்மோனி, மேவிபோசேத் என்று இரண்டு ஆண்பிள்ளைகள். பெலிஸ்தரோடு நடந்த சண்டையில் கில்போவா மலையில் சவுல் இறந்துபோனார். பிறகு சவுலின் மகன் இஸ்போசேத்துக்கும் தளபதி அப்னேருக்கும் இவளை வைத்தே சண்டை வந்தது. அப்னேர் அவளிடம் போனார் என்பது குற்றச்சாட்டு. அப்னேர் கோபித்துக்கொண்டு தாவீதின் பக்கம் சாய்ந்தார். ஆனால் என்ன நடந்தது எண்டு ரிஸ்பாளிடம் ஒருவரும் கேட்டதாக இல்லை.

தாவீது ராசாவான பிறகு மூன்று வருஷம் பஞ்சம் வந்தது. சவுல் முன்பு கிபியோன் ஊர்ச் சனத்தைக் கொன்ற பழிதான் காரணம் எண்டு தெரியவந்தது. அந்தச் சனம் பொன்னும் வெள்ளியும் கேட்கவில்லை. சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்டது. தாவீது ரிஸ்பாளின் இரண்டு பிள்ளைகளையும், சவுலின் மகள் வழிப் பேரன்மார் ஐந்து பேரையும் கொடுத்தார். ஏழு பேரையும் ஒன்றாக மலையில் கொன்று தொங்கவிட்டார்கள். தகப்பன் செய்ததுக்குப் பிள்ளையள் செத்தார்கள். தூக்கப்பட்டவனின் உடலை அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள சட்டம். இவர்களை ஒருவரும் இறக்கவில்லை.

அது வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நேரம். அந்த நாட்டில் அது எங்கள் சித்திரை மாதம் அளவு. ரிஸ்பாள் ஒரு சாக்குத் துணியைக் கொண்டுபோய்ப் பாறையில் விரித்து இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் கிட்ட வரவிடவில்லை. தன்ரை பிள்ளைகளை மட்டுமல்ல, மற்ற ஐந்து பேரையும் காத்தாள். மழை பெய்யும் வரை அப்பிடியே இருந்தாள். அந்தப் பக்கத்தில் வழக்கமான மழை ஐப்பசி அளவில்தான் தொடங்கும். அப்படிப் பார்த்தால் ஆறு மாதம். என்ன சாப்பிட்டாள், எப்ப நித்திரை கொண்டாள் எண்டு எழுதியில்லை. அவள் கதைத்ததாக ஒரு சொல்லும் இல்லை.

செய்தி தாவீதிடம் போனது. ராசா எழும்பிப் போய் யாபேஸ் ஊரில் கிடந்த சவுல், யோனத்தானின் எலும்புகளை எடுத்து வந்தார். ஏழு பேரின் எலும்புகளையும் சேர்க்கச் செய்தார். சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் எண்டு வேதாகமம் சொல்லுது. ஏழு பேரைக் கொன்றவுடன் கேட்டார் எண்டு சொல்லவில்லை. எனக்கு இதுதான் பெரிய விசயமாகப் பட்டது.

என்ரை அண்ணா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எங்களை விட்டுப் பிரிந்தவர். இன்னும் தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கினபோது, அம்மாவும் அண்ணாவின் படத்தோடு போய் இருந்தா. நான் இஞ்சை இருந்து டெலிபோனில் ஏசுவன். வயசு போன நேரத்தில் வெயிலுக்குள் ஏன், நான் காசு அனுப்புறன், வீட்டில் இருங்கோ எண்டு. இதால என்ன பிரயோசனம் எண்டும் கேட்டனான். அம்மா மறுமொழி சொல்ல மாட்டா.

அக்கா கதை சொன்ன அன்று, விடிய வேலை முடிந்து வெம்பிளிக்கு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ரிஸ்பாளுக்குக் காக்க உடலாவது இருந்தது. எங்கள் தாய்மாருக்குப் பிள்ளை உயிரோடு இருக்கோ இல்லையோ எண்டு சொல்லவும் ஆளில்லை. கையில் படம் மட்டும்தான். எத்தனையோ பேர் அந்தப் படத்தோடேயே கண்ணை மூடிவிட்டினம்.

அதுக்குப் பிறகு நான் அம்மாவை ஏசுறதில்லை. போயிட்டு வந்தனீங்களோ, குடை கொண்டு போனீங்களோ எண்டு கேட்பேன். அம்மாவும் இப்ப அங்கை நடந்ததெல்லாம் சொல்லுவா.

இந்தப் புத்தாண்டுக்கு ஊருக்கு டெலிபோன் எடுக்கும்போது, அப்பிடி இருக்கும் ஒரு தாயோடும் கொஞ்ச நேரம் கதையுங்கோ. எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.