டாக்டர் மு. வ. கற்ற கல்வி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கென முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்றவர், பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர் என்பது இன்றைய ஆய்வு மாணவர் பலர் அறியாத செய்தி. வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூர் வளர்த்த டாக்டர் மு. வரதராசனார் அவர். வேலமும் ஒடுகத்தூரும் அவர் படித்த திருப்பத்தூரும் அந்நாளில் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

முனுசாமி முதலியார், அம்மாக்கண்ணு அம்மையார் ஆகியோரின் மகனாக 25-4-1912 அன்று பிறந்த அவருக்கு இடப்பட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனாரின் பெயராகிய வரதராசன் என்பதே பின்னர் நிலைத்தது. திருப்பத்தூரில் உயர்நிலைக் கல்வி பயின்று பதினாறாம் அகவையில் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார்.

அதன்பின் கல்லூரி அவருக்கு வாய்க்கவில்லை. வேலூரில் ஊரிசுக் கல்லூரி இருந்தது. தோல் வணிகத்தால் செழித்த வாணியம்பாடியில் 1919 முதல் இசுலாமியாக் கல்லூரி நடந்துவந்தது. திருப்பத்தூருக்கோ 1951இல்தான் தூய நெஞ்சக் கல்லூரி வந்தது. ஆயினும் தொலைவு மட்டுமா தடை? பள்ளியிறுதி தேறிய பிள்ளைக்கு அரசு அலுவலகத்தில் ஓர் இருக்கை கிடைப்பதே பெரும்பேறு எனக் குடும்பங்கள் கருதிய காலம் அது. கிடைத்த இருக்கையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்பவனை ஊர் ஐயத்தோடுதான் நோக்கும். இன்றும் ஆம்பூர்த் தொழிற்கூடங்களின் கூலியை நம்பிய இல்லங்களில் இதே கணக்கு போடப்படுவதுண்டு.

அந்தக் கணக்கை அவர் வாழ்வில் மாற்றியது உடல்நலக்குறைவு. எழுத்தர் வேலையை விட்டு விலக நேர்ந்தது. நலிவுற்றிருந்த அக்காலத்தை வீணாக்காமல் திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். கல்லூரியில் சேராமல் தாமே பயின்று வித்துவான் தேர்வு எழுத அந்நாளில் வழி இருந்தது. 1931இல் முதல்நிலைத் தேர்வை முடித்து, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடம் அதற்கென அளித்த பரிசு 1000 ரூபாய். தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்ட உறவினர் எவரும் இருந்திருப்பின், அத்தொகை அவர்களுக்கு நல்ல மறுமொழியாக அமைந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருத்தல் இயலாது. வேலை இழந்து வீட்டில் இருந்த ஓர் ஆண்மகனுக்குக் கிட்டிய படிப்பு நேரம், அதே தெருவில் அதே அகவையில் இருந்த பெண்ணுக்குக் கிட்டியிராது. அவள் நோயுற்றாலும் அடுப்படியே அவளுக்கு அலுவலகம். மு. வ.வின் முயற்சியைப் போற்றும்போது இதனை மறத்தலாகாது.

1935 முதல் திருப்பத்தூர் நகராண்மை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அவ்வாண்டே மாமன் மகள் இராதா அம்மையாருடன் திருமணம். பகலில் வகுப்பு, இல்லற வாழ்வு, இவற்றினிடையே படிப்பு. 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார், அவ்வாண்டே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். மாணவராக ஏறாத கல்லூரிப் படியை ஆசிரியராக ஏறினார் எனலாம்.

அங்கே அவர் நின்றுவிட்டிருந்தாலும் குறை சொல்வார் இல்லை. தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு 1948இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பள்ளியை விட்டு வெளியேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கப் பாடல்களைத் தமிழாசிரியரிடம் பாடங்கேட்டு வளர்ந்தவர், அவற்றைப் பற்றிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. தமிழுக்குரிய பட்டத்தின் வாயிலில் வேற்றுமொழி காவல் நின்ற காலம் அது. பிற்காலத்தில் தமிழிலேயே ஆய்வேடு எழுதியோர் அந்தச் சுமையை அறியார்.

பட்டம் பெற்ற பின்னர்ப் பலர் எழுத்தை ஆய்வு வட்டத்துக்குள் சுருக்கிக்கொள்வர். மு. வ. அதற்கு மாறாக நடந்தார். 1949இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரை, சட்டைப்பையில் அடங்கும் கையடக்க நூலாய்ப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குச் சென்றது. வித்துவான் தேர்வுக்குத் தனியே படித்தவருக்குத்தான், ஆசிரியர் துணையின்றிக் குறளைத் திறப்பவனுக்கு எந்தச் சொல் தடுக்கும் என்பது தெரியும்.

1961ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற 'அகல் விளக்கு' நாவலிலும் கல்வியே கதையை நடத்துகிறது. வாலாசாப் பகுதியில் தொடங்கும் அக்கதையில் அறிவுக்கூர்மை மிக்க சந்திரன் சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குச் சென்று நிலைகுலைந்து அழிகிறான். அவனைவிட மங்கலான வேலய்யன் மெல்ல மெல்லத் தேறி நிலைபெறுகிறான். உயர்கல்வியால் தாம் உயர்ந்த ஒருவர், அதுவே ஓர் இளைஞனை வீழ்த்தவும் கூடும் என்று எழுதியது சிந்தித்தற்குரியது. நாவலில் அறவுரை மிகுதி என்னும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஊரைவிட்டு முதன்முதலாக நகரக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் தனிமையை அவர் அளவுக்கு அக்கறையோடு எழுதியோர் சிலரே.

பச்சையப்பனில் அவரிடம் பயின்ற சி. பாலசுப்பிரமணியன் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மு. வ. 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டில்தான் அப்பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியும் தோன்றியது. பகலில் கோப்புகளோடு இருந்த எழுத்தர்களுக்கும், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், மணமாகி வீட்டில் இருந்த பெண்களுக்கும் பாடங்கள் அஞ்சல் உறையில் வந்து சேரலாயின. அப்பொறுப்பில் இருந்தபடியே 10-10-1974 அன்று, அறுபத்திரண்டாம் அகவையில் மு. வ. மறைந்தார்.