போலகத்து ராமையா ‘பாபநாசம் சிவன்’ ஆன கதை: வறுமையிலிருந்து இசைமேடையின் நடுவுக்கு

பெங்களூரு: பாடலைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிற கலைஞரை மேலை நாடுகளில் தனி மரபாகப் போற்றுகின்றனர். தமிழகத்தின் இசை உலகில் அத்தகையோருக்கு ‘வாக்கேயக்காரர்’ என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் அப்பெயருக்கு முழுத் தகுதி பெற்றவர்களுள் முதன்மையானவர் பாபநாசம் சிவன். கோயில் வீதிகளில் பஜனை பாடித் திரிந்த ஓர் ஏழை இளைஞர், நாற்பது வயதைக் கடந்த பின்னரே நாடறிந்த பாடலாசிரியரானார். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்கள் பெற்ற இடத்துக்கும் அவரது எழுச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தந்தையை இழந்த சிறுவன்

பழைய தஞ்சை மாவட்டத்தின் போலகம் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி ராமாமிர்த ஐயர், யோகாம்பாள் தம்பதியரின் இரண்டாவது மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராமையா. ஏழு வயதிலேயே தந்தையை இழந்தார். காவிரிப் படுகையின் செழுமை அக்குடும்பத்துக்குக் கைகொடுக்கவில்லை. 1899இல் தாய் யோகாம்பாள் தம் புதல்வர்களை அழைத்துக்கொண்டு, உறவினரின் ஆதரவை நாடித் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சென்றார்.

திருவனந்தபுரம் அன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் புகலிடமாக விளங்கியது. பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த ஊட்டுப்புரைகளில் அந்தணர்களுக்கு இலவச உணவு கிடைத்தது. அரசின் ஆதரவில் சம்ஸ்கிருதக் கல்வியும் இசையும் தழைத்திருந்தன. சிறுவன் ராமையா அங்கு மலையாளம் கற்றார். மகாராஜா சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து இலக்கணத்தில் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் அவர் இயற்றிய பாடல்களில் தமிழும் வடமொழியும் இழைந்து வருவதற்கு இக்கல்வியே அடித்தளம்.

இசையின் அடிப்படைகளை நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் அவர் பயின்றார். எனினும் அவரது உள்ளத்தில் ஆழப் பதிந்தவை நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்கள். நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தின் கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் 1900இல் மறைந்தார். அவர் இயற்றிய பக்திப் பாடல்கள் அந்நகரின் பஜனைக் கூடங்களில் தொடர்ந்து ஒலித்தன. எளிய தமிழில் இறைவனை அழைத்துப் பாடினால் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும் என்பதை ராமையா அங்கு இளம் வயதிலேயே கண்டுகொண்டார்.

திருநீறு தந்த பெயர்

1910இல் தாய் மறைந்தபோது ராமையாவுக்கு இருபது வயது. கற்ற கல்வியைக் கொண்டு அரசுப் பணியையோ ஆசிரியப் பணியையோ அவர் தேடவில்லை. வீட்டை விட்டு வெளியேறி, கோயில் கோயிலாகச் சென்று பாடலானார். அவருக்கென்று நிலையான வருவாயும் இல்லை, இருப்பிடமும் இல்லை. அவர் திரும்பி வந்து சேர்ந்த இடம் தாம் பிறந்த தஞ்சை மண்.

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ள பாபநாசம் பகுதியில் அவர் தங்கியிருந்தார். திருநெல்வேலிச் சீமையில் பொருநைக் கரையில் உள்ள பாபநாசம் வேறு. உடல் முழுவதும் திருநீறு பூசி, தம்மை மறந்து பாடி வரும் அந்த இளைஞரைக் கண்ட கணபதி அக்ரகாரத்து மக்கள் சிவபெருமானே நேரில் வந்ததுபோல் எண்ணி, பாபநாசம் சிவன் என அழைக்கத் தொடங்கினர். அப்பெயரே வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. ஆயினும் தம் பாடல்களில் அவர் பதித்த முத்திரை ‘ராமதாசன்’ என்பதாகும். ஊர் அவரைச் சிவனாகக் கண்டது. அவரோ தம்மை ராமனின் அடியவராகவே எழுதிக்கொண்டார்.

அந்நாளில் இசை உலகில் பெரும்புகழோடு விளங்கியவர் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயர். அவரது இசையில் ஈடுபட்ட சிவன் அவரிடம் மாணவராகத் தம் பயிற்சியைத் தொடர்ந்தார். ராகங்களை விரித்துப் பாடும் முறையும், ஒரு பாடலுக்கு எந்த ராகம் உயிரூட்டும் என்னும் தெளிவும் இங்கு அவருக்கு வாய்த்தன. பஜனை மரபின் எளிமையும் கச்சேரி மரபின் நுட்பமும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன.

முதல் பாடலும் முதல் மேடையும்

திருவாரூர் தியாகராஜ சுவாமியின் திருக்கோயிலில் அவரது முதல் கீர்த்தனை பிறந்தது. குந்தலவராளி ராகத்தில் அமைந்த அப்பாடல் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் பிறந்த ஊர் திருவாரூர். தமிழில் பாட வந்த ஒருவரின் பயணம் அதே ஊரில் தொடங்கியது பொருத்தமே.

1918இல் திருவையாற்றில் நடைபெற்ற தியாகராஜ ஆராதனையில் அவர் பாடகராக மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 27. எனினும் அந்த மேடை அவரை உடனடியாக உயர்த்திவிடவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளும் காவிரிக் கரை ஊர்களின் திருவிழாக்களிலும் பஜனைகளிலுமே கழிந்தன. பாடல்கள் பெருகிய வேகத்தில் வருவாய் பெருகவில்லை.

அதற்கு ஒரு காரணம் காலத்தின் போக்கு. மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் அமைந்தவை. அவையே கச்சேரிகளின் நடுநாயகமாக விளங்கின. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி என வளமான தமிழ் மரபு இருந்தும், தமிழ்ப் பாடல்களுக்குக் கச்சேரியின் கடைசிப் பகுதியில், ‘துக்கடா’ என்ற பெயரில் சிறிதளவு இடமே கிடைத்தது. விரிவான ஆலாபனைக்கும் நிரவலுக்கும் ஈடுகொடுக்கும் புதிய தமிழ்க் கீர்த்தனைகள் அந்நாளின் தேவையாக இருந்தன. சிவனின் பாடல்கள் அத்தேவையை நிறைவு செய்தன.

மயிலாப்பூரில் திருப்பம்

1930ஆம் ஆண்டையொட்டி அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மயிலாப்பூர் அவரது வாழ்க்கையை மாற்றியது. மார்கழி மாதத்தின் குளிர் விடியலில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளிலும் அவர் பஜனை பாடி வலம் வந்தார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் சபா நிர்வாகிகளும் நிறைந்த பகுதி அது. வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்கள் முதல் இசை விமர்சகர்கள் வரை அனைவரும் அவரது பாடலைத் தங்கள் வீட்டு வாசலிலேயே கேட்டனர். வேறு எந்த விளம்பரமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கபாலீசுவரரின் திருவீதி உலாவைக் கண்முன் நிறுத்தும் அவரது காம்போதி ராகக் கீர்த்தனையும், மோகன ராகத்தில் அமைந்த மற்றொரு கீர்த்தனையும் மயிலாப்பூரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டன. 1934இல் அவரது 100 பாடல்களைக் கொண்ட ‘கீர்த்தன மாலை’ நூலாக வெளிவந்தது. வாய்வழியே பரவிய பாடல்கள் அச்சேறியதால், பிற பாடகர்களும் அவற்றைக் கற்று மேடையேற்றுவது எளிதாயிற்று. ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்ராவிலும் அவர் சில காலம் கற்பித்தார்.

திரையுலகம் அழைத்தது

மயிலாப்பூரில் கிடைத்த நட்பே அவரைத் திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றது. வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் இல்லம் இசைவாணர்கள் கூடும் இடமாக இருந்தது. அவருடைய பிள்ளைகளுக்குச் சிவன் இசை கற்பித்தார். 1934இல் பிரபாத் நிறுவனம் தயாரித்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் சுந்தரம் ஐயரின் மகன் எஸ்.ராஜம் ராமனாகவும், மகள் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். பின்னாளில் வீணை மேதையாகப் புகழ்பெற்ற இளைய மகன் எஸ்.பாலசந்தரும் சிறுவனாக அதில் தோன்றினார். அப்படத்துக்கு இசையமைத்தவர் சிவன்.

அதே ஆண்டில் இயக்குநர் கே.சுப்பிரமணியத்தின் ‘பவளக்கொடி’ வெளியானது. எம்.கே.தியாகராஜ பாகவதர் திரையில் அறிமுகமான படம் அது. அதன் பாடல்களும் சிவனுடையவையே. தமிழ்த் திரையிசையின் முதல் பெரும் கூட்டணி இவ்வாறு உருவானது.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத காலம் அது. நடிகரே பாட வேண்டும். ஒரு படத்தில் பல பாடல்கள் இடம்பெறும். காட்சிக்கு ஏற்பச் சொற்களை எழுதுவது, ராகத்தைத் தேர்ந்து மெட்டமைப்பது, நடிகருக்கு அதைப் பாடிக் காட்டிப் பயிற்றுவிப்பது என மூன்று பணிகளையும் ஒருவரே செய்ய முடிந்தால் தயாரிப்பாளருக்கு அது பேருதவி. பஜனை வீதியில் கூட்டத்தையே பாடவைத்துப் பழகிய சிவனுக்கு அது இயல்பாகக் கைவந்தது.

1936இல் ‘பக்த குசேலா’ படத்தில் அவரே குசேலராக நடித்தார். வறுமையில் வாடிய பக்தனின் வேடத்துக்கு அவரது தோற்றமும் வாழ்க்கை அனுபவமும் பொருந்தின. 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ ஆகிய இரு படங்களும் பெருவெற்றி பெற்றன. பாகவதரின் குரல் வழியே சிவனின் சொற்கள் இசைத்தட்டுகளில் ஏறிச் சிற்றூர்களையும் எட்டின. எம்.எஸ்.சுப்புலட்சுமி திரையில் அறிமுகமான ‘சேவாசதனம்’ 1938இல் வெளியானது. அதற்கும் இசை சிவனே.

1939இல் கல்கியின் கதையைத் தழுவிய ‘தியாகபூமி’ படத்தில் சம்பு சாஸ்திரி என்னும் முதன்மைப் பாத்திரத்தில் அவர் நடித்தார். தீண்டாமை எதிர்ப்பையும் பெண்ணின் சுயமரியாதையையும் விடுதலை வேட்கையையும் பேசிய அப்படத்தைப் பின்னர் ஆங்கிலேய அரசு தடை செய்தது. கோயில் பாடகராக அறியப்பட்டவர் விடுதலைப் போராட்ட காலத்தின் திரை முகங்களுள் ஒருவராகவும் ஆனார்.

தமிழிசையின் குரல்

1941இல் ராஜா அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. தமிழில் தரமான கீர்த்தனைகள் போதிய அளவில் இல்லை என்ற வாதம் எதிர்த்தரப்பில் எழுந்தது. அந்த வாதத்துக்கு விடையாகச் சிவனின் கீர்த்தனைகள் முன்னரே மேடைகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. டி.கே.பட்டம்மாள், எம்.எஸ்.சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர் போன்றோர் அவற்றைத் தங்கள் கச்சேரிகளில் பாடிப் பரப்பினர். ‘தமிழ்த் தியாகையர்’ என்ற சிறப்புப் பெயர் அவருக்கு நிலைபெற்றது.

திரையிலும் அவரது புகழ் உச்சம் தொட்டது. ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ ஆகிய படங்களைத் தொடர்ந்து 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படத்தில் சாருகேசி ராகத்தில் அமைந்த காதல் பாடலை எழுதியவரும், கபாலீசுவரரை உருகிப் பாடியவரும் ஒருவரே என்பது இன்றும் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

அதே 1944இன் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். அந்த இணையின் பொற்காலம் அத்துடன் முடிந்தது. வடசொற்கள் மிகுந்த பாடல் நடை பின்வாங்கி, பேச்சுத்தமிழுக்கு நெருக்கமான பாடல்கள் திரையில் இடம்பிடித்தன. படங்கள் குறைந்தபோதும் சிவன் பாடல் இயற்றுவதை நிறுத்தவில்லை. மாட வீதி பஜனையையும் கைவிடவில்லை. திரைப்படம் வருவதற்கு முன் எப்படி வாழ்ந்தாரோ, அதற்குப் பின்னும் ஏறத்தாழ அப்படியே வாழ்ந்தார்.

தாமதமாக வந்த விருதுகள்

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971இல், அவரது 81ஆம் வயதில் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, 83 வயது நிறைந்த சில நாள்களில் அவர் காலமானார். தமிழக முதலமைச்சராகப் பதவி வகித்த வி.என்.ஜானகி, அவருடைய தமையன் ராஜகோபால ஐயரின் மகள். சிவனின் மகள் ருக்மிணி ரமணி இசைக்கலைஞராக அவரது பாடல்களைப் பரப்பும் பணியில் ஈடுபட்டார்.

பெங்களூருவின் அல்சூர், விவேக் நகர் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளிலும் பாகவதரின் பழைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த முதியோர் உண்டு. இயற்றியவர் யாரென அறியாமலே அவற்றை முணுமுணுப்போரும் உண்டு. பாடியவரின் பெயர் நினைவில் நின்று, எழுதியவரின் பெயர் மறைவது திரையிசைக்குப் புதிதன்று. ஆனால் கச்சேரி மேடையில் நிலை வேறு. இன்று ஒரு பாடகர் தமிழ்க் கீர்த்தனை ஒன்றை நடுநாயகமாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விரித்துப் பாடினால், அவையில் எவரும் அதைப் புதுமையாகக் கருதுவதில்லை. அந்த நிலையை உருவாக்கியவர்களுள், ஏழு வயதில் தந்தையை இழந்து ஊரை விட்டுச் சென்ற போலகத்து ராமையாவுக்கு முன்வரிசையில் இடமுண்டு.