ரங்கூன் கப்டனின் மகன்

பனி எங்கட சனத்துக்கு இப்ப புதிசல்ல. வெக்கை நாட்டிலிருந்து பனிக்குப் போன ஒரு மனுசனின் கதை இது.

ஹென்றி பவர்ஸ் 1883இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். கப்பல் கப்டனான தகப்பன் ரங்கூனில் (இன்றைய யங்கோன்) கண்மூடியபோது பிள்ளைக்கு மூன்று வயது. தாய்தான் வளர்த்தெடுத்தார். 1905இல் பிரிட்டிஷ் இந்தியக் கடற்சேவையில் சேர்ந்து இலங்கையிலும் பர்மாவிலும் வேலை பார்த்தார். ஐராவதி ஆற்றில் பீரங்கிப் படகு நடத்தினார். தகப்பனைப் பறிகொடுத்த நாட்டுக்கே மகன் உழைக்க வந்தார்.

1910இல் கப்டன் ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்தில் சேர்ந்தார். ஆள் கட்டை, ஐந்தடி நாலங்குலம். மூக்கு பெரிசு, அதனால் கூட்டாளிகள் 'குருவி' எண்டு கூப்பிட்டார்கள். 1912 ஜனவரி 17இல் ஐவர் துருவம் சேர்ந்தார்கள். நோர்வேக்காரர் அமுன்ட்சென் ஐந்து கிழமைக்கு முதலே வந்து போயிருந்தார்.

திரும்பும் வழியில், பெப்ரவரி 8இல், பனிக்கு மேலே தலைநீட்டி நின்ற பக்லி மலைப் பாறையைக் கண்டார்கள். இப்படியான பாறைமுடிக்குக் கிறீன்லாந்து மக்கள் வைத்த பெயர் நுனாட்டக். அங்கே இலை பதிந்த கற்கள்! இந்திய நிலக்கரிப் படுக்கைகளிலும் கிடைக்கும் குளொசொப்டெரிஸ் மரத்தின் இலை அது. ஒருகாலம் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாய் இருந்ததற்குப் பின்னாளில் அது சாட்சியானது.

35 இறாத்தல் கல்லை வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்தார்கள். வழியில் இருவர் மாண்டார்கள். பசி, குளிர். கல்லை எறிந்திருக்கலாம், எறியவில்லை. மார்ச் கடைசியில் பவர்ஸ், ஸ்கொட், வில்சன் மூவரும் கூடாரத்துக்குள்ளேயே உயிர்விட்டார்கள். சாப்பாட்டுக் கிடங்குக்கு இன்னும் 11 மைல்தான்.

நவம்பரில் தேடிப்போனவர்கள் உடல்களை அங்கேயே பனியால் மூடினார்கள். தகப்பன் ரங்கூனில், மகன் பனியில். கற்கள் மட்டும் ஊர் திரும்பின. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றன.