சோலைப் பறவை கண்ட ஜெர்டன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், புல்வெளிகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் மரங்கள் அடர்ந்த சிறு காடுகளைக் காணலாம். அவற்றைச் சோலைகள் என்பர். நீலகிரிச் சோலைகளின் இருண்ட அடிப்பகுதியில், நீல முதுகும் செம்பழுப்பு விலாவும் உடைய சிறு பறவையொன்று மறைந்து வாழ்கிறது. அதனை அறிவியல் உலகிற்கு முதன்முதல் அறிவித்தவர் தாமஸ் ஜெர்டன் ஆவார்.

ஜெர்டன் 1811-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு டர்ஹாம் பகுதியில் பிறந்தார்; எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார்; கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை மருத்துவராய் 1836-இல் சென்னை வந்து சேர்ந்தார். படைவீரர்க்கு மருந்தளிப்பது அவர்தம் கடமை. ஓய்வு நேரமெல்லாம் பறவைகளைத் தேடித் திரிந்தார்.

தாம் சேர்த்த பறவைத் தோல்களின் பெயர்களை அறிய விரும்பி, அவற்றை ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ஜார்டின் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். கப்பல் வழியே நெடுந்தூரம் சென்ற அத்தோல்கள் ஆங்கு அடைந்தபோது பூச்சியரித்துக் கிடந்தன. பிறராயின் மனம் சோர்ந்திருப்பர். ஜெர்டனோ, இனிப் பிறர் துணையை எதிர்பார்ப்பதில்லை எனத் துணிந்தார். தம் கண்ணையே நம்பிப் பறவைகளை வகைப்படுத்தலானார். அவர் தொகுத்த தென்னாட்டுப் பறவைப் பட்டியல் 1839 முதல் சென்னை இதழொன்றில் வெளிவந்தது. பின்னர், இந்திய ஓவியர்கள் தீட்டிய படங்களுடன் ஒரு நூலையும் வெளியிட்டார்.

நீலகிரிப் பறவையை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது? ஜெர்டன் அதனைச் செவ்வால் பறவைகளோடு சேர்த்தார். அதன் வாலோ சிவப்பன்று! எனினும், இறகையும் அலகையுமே சான்றாகக் கொள்ள வேண்டியிருந்த காலம் அது. பின்வந்தோரும் அப்பறவையை ஓரிடத்தில் நிலைபெற விட்டாரல்லர். பேரினம் பேரினமாக மாற்றிக்கொண்டே வந்தனர்.

கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் ஆதரவுடன் ஜெர்டன் எழுதிய இந்தியப் பறவைகள் என்னும் பெருநூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. 1872-இல் அவர் இங்கிலாந்தில் காலமானார்.

2017-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கினர். நீலகிரிப் பறவையும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள அதன் வெண்வயிற்று உறவும் ஈப்பிடிப்பான்களுக்கே நெருங்கியவை எனக் கண்டனர். அவற்றிற்கெனத் தனிப் பேரினம் ஒன்றை வகுத்து, ஷோலிகோலா எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் தமிழ்ச் சொல்லே அப்பெயரில் நிற்கிறது. ஆனால், தேயிலைத் தோட்டங்களும் சீகை மரங்களும் பெருகியதால், ஜெர்டன் கண்ட பறவைக்கு உறைவிடமான சோலைகள் இன்று பெரிதும் குறைந்துவிட்டன.