மணியடித்து அழைத்த மறையாசிரியர்

பொன்விழாக் காணும் நம் பங்கில் மறைக்கல்வி கற்பிக்க இளைஞர் சிலர் புதிதாக முன்வந்துள்ளனர். முதல் ஞாயிறன்றே அவர்களுக்கு ஒரு கலக்கம். பிள்ளைகளை எப்படி ஒழுங்கில் வைப்பது? பீடத்தில் உதவி செய்ய யாரை அனுப்புவது? மணியை யார் கையில் கொடுப்பது? கொடுத்தால் ஒருவனுக்குச் செருக்கு. கொடுக்காவிட்டால் மற்றவனுக்கு மனவருத்தம். இவர்களுக்காகவே, நம் தாமிரபரணிக் கரையில் புதிய ஆசிரியராக நின்ற புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்கிறோம்.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் உயர்குடியில் பிறந்தார். பாரிஸ் நகரில் பயின்று, 1530இல் பட்டம் பெற்று, அங்கேயே ஒரு கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பித்தார். புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரைத் துறவுக்கு அழைத்தது. 1542 மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்த அவர், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

பாரிஸில் பெற்ற புலமை இங்கே கைகொடுக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பரதவ மக்களோ சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தும், கற்பிப்பார் இன்றி இருந்தனர். இருமொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்தார். அதில் பிழைகள் இருந்தன. பின்னர் வந்த அண்ட்ரிக் அடிகளார் அவற்றைத் திருத்தினார். பிழைக்கு அஞ்சிக் கற்பிக்காமல் சவேரியார் இருந்துவிடவில்லை.

அவர் வகுத்த ஒழுங்கு எளியது. கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று அழைப்பார். நாளுக்கு இருமுறை வகுப்பு. சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றை அவர் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வர். அவர்களுடைய ஆர்வத்தால் அவருக்கு உண்ணவும் உறங்கவும் நேரமில்லாமல் போயிற்று.

கற்ற பிள்ளைக்கு அவர் கொடுத்த சலுகை என்ன? மிட்டாயா? முன்வரிசை இடமா? இல்லை. வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். நோயாளிகள் அழைத்தபோது தாம் செல்ல இயலாத வீடுகளுக்குச் செபங்கள் அறிந்த சிறுவரை அனுப்பினார். நோயாளியின் அருகில் நின்று செபிப்பதே அச்சிறுவன் பெற்ற பெருமை. அது கற்றுக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடியது. பிறருக்குப் பணிசெய்வதற்காகவே கிடைப்பது.

சவேரியார் கண்டிப்பே அறியாதவர் அல்லர். குடிப்பழக்கத்தை ஒழிக்க, மது அருந்தும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கச் சொன்னார். ஆயினும், 1544இல் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் தம் உடன் ஊழியரான மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை வேறு. சலித்துப்போகும் அத்தோழரைப் பொறுமையாக இருக்கவும், பொல்லாத பிள்ளைகளைத் தாங்கும் நல்ல தகப்பனைப்போல் மக்களை நடத்தவும், அவர்களுடைய அன்பைப் பெறவும் வேண்டினார். அபராதம் சில நாள் அடக்கும். அன்பே நிலைத்து நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாம் போனபின்னும் வகுப்பு நிற்கக்கூடாதென்று ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 4,000 பணத்தை அவர்களுடைய ஊதியத்துக்குப் பெற்றுக்கொடுத்தார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையை அடுத்த சான்சியன் தீவில் உயிர்நீத்தார். 1622இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்புள்ள மறையாசிரியர்களே! மணியைக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். கடைசி வரிசைப் பிள்ளையையும் ஒருநாள் நோயாளியின் வீட்டுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். குறும்பு தானாகவே குறையும். புனித சவேரியார் நம் பங்கின் பிள்ளைகளுக்காகவும் அவர்களுக்குக் கற்பிப்போருக்காகவும் பரிந்து பேசுவாராக!