வாலஸ் கிளெமென்ட் சபைன்

வாலஸ் கிளெமென்ட் சபைன் (ஜூன் 13, 1868 – ஜனவரி 10, 1919) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். கட்டடக்கலை ஒலியியல் என்னும் துறைக்கு அடிகோலியவர். ஓர் அரங்கில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதை, அதைக் கட்டுமுன்பே கணக்கிடும் வழியைக் கண்டறிந்தார். அக்கணக்கிற்கு அடிப்படையான அளவீடுகளை அவர் தமது செவியைக் கொண்டே எடுத்தார்.

வாழ்க்கை

சபைன் ஒகையோ மாநிலத்தின் ரிச்வுட் என்னும் ஊரில் பிறந்தார். 1886 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்று, அங்கேயே இயற்பியல் கற்பித்தார். இவர் முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர்.

எதிர்முழக்க ஆய்வு

1895 இல் ஹார்வர்டின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி சுமார் 5.5 நொடிகள் நீடித்ததால், அடுத்து வந்த சொற்கள் அதனோடு கலந்து குழம்பின. இக்குறையைத் தீர்க்கும் பணியைப் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் சபைனிடம் ஒப்படைத்தார்.

தேய்ந்து மறையும் ஒலியை நம்பகமாகப் பதியும் கருவி அக்காலத்தில் இல்லை. எனவே சபைன் நள்ளிரவுக்குப் பின், நகரம் அடங்கிய நேரத்தில், ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி செவிக்கு எட்டாமற் போகும் வரையான நேரத்தை அளந்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது எனக் குறித்தார். விடியுமுன் மெத்தைகள் திருப்பிக் கொண்டுசெல்லப்பட்டன. தாம் அணிந்த உடையும் முடிவை மாற்றுவதைக் கண்டதும், அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கைவிட்டு, ஒரே வகை உடையுடன் மீண்டும் தொடங்கினார்.

1898 இல் அவர் கண்ட தொடர்பு இன்று சபைன் வாய்பாடு எனப்படுகிறது. அரங்கின் கன அளவைக் கனமீட்டரில் கொண்டு 0.161 ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் கணித்த மொத்த ஒலி உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும். ஒலிச்செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம்.

பாஸ்டன் சிம்பொனி அரங்கம்

ஒலியியல் கணக்கீட்டின் துணையுடன் வடிவமைக்கப்பட்ட முதல் இசையரங்கம் இது. 1900 அக்டோபர் 15 அன்று திறக்கப்பட்டபோது விமரிசகர் சிலர் குறை கூறினர். நிரம்பிய அரங்கிற்கு சபைன் கணித்த எதிர்முழக்க நேரம் 2.31 நொடிகள், பிற்காலத்தில் அளந்தபோது கிடைத்ததோ சுமார் 1.9 நொடிகளே. எனினும் இசைஞரும் கேட்போரும் நாளடைவில் இதை உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக ஏற்றனர்.

இசைச் சுவையும் அளவீடும்

எந்த எதிர்முழக்க நேரம் இனிமையானது என்பதை வாய்பாடு சொல்லாது. இதை அறிய சபைன் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியின் ஐந்து பியானோ அறைகளில் சோதனை நடத்தினார். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் காட்ட, இசைஞர் குழு செவியால் மட்டுமே தீர்ப்பளித்தது. அவர்கள் ஏற்ற நிலைகளின் எதிர்முழக்க நேரத்தை சபைன் பின்னர் கணக்கிட்டார். சராசரி 1.08 நொடி, அறைக்கு அறை வேறுபாடு மிகச் சிறிது. பயிற்சி பெற்ற செவியின் சுவை வெறும் மனப்போக்கு அன்று, அளவிடத்தக்க ஒழுங்குடையது என்பதை இச்சோதனை காட்டியது.

இறுதிக் காலம்

இல்லினாய் மாநிலத்தின் ஜெனீவாவில் இவருக்கென அமைக்கப்பட்ட ரிவர்பேங்க் ஒலியியல் ஆய்வகத்தில் பணியைத் தொடங்குமுன், தமது 50 ஆம் வயதில் காலமானார். இவரது ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு 1922 இல் வெளிவந்தது. ஒலி உட்கவர்தலின் அலகு இவர் நினைவாக சபைன் என வழங்கப்படுகிறது.